வடசென்னைப் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும் டிரஸ்ட்டுக்கு மாதம் 15,000 ரூபாய்: எதற்குக் கொடுத்தால் உருப்படியாக இருக்கும்?

வண்ணை வாசி:

வணக்கம். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை ஆட்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய் போடுவதாக இருக்கிறோம். வருஷத்துக்கு 1,80,000 வரும். எங்கள் பகுதியிலேயே இயங்கும் ஒரு சின்ன டிரஸ்ட்டுக்குக் கொடுக்க எண்ணம். மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, டிகிரி முடிகிறவரை கூடவே இருப்பவர்கள். சம்பளத்துக்கு ஒரே ஆள், மற்றவர்கள் தன்னார்வலர்கள். காசிமேட்டில் கூலிக்குப் போகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும்.

எங்களுக்குள் மூன்று கட்சி. இரண்டு பிள்ளைகளுக்கு முழு பீஸையும் கட்டிவிடலாம் என்கிறது ஒன்று. லேப்டாப் வாங்கித் தரலாம் என்கிறது இன்னொன்று. டிரஸ்ட் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாம் என்கிறது மூன்றாவது. இதற்கு நடுவில், எல்லாவற்றையும்தான் அரசாங்கமே தருகிறதே, நாம் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. பணம் உண்மையில் எங்கே குறைகிறது? டிரஸ்ட்டிடம் என்னென்ன காகிதம் கேட்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கைந்து பேர் நேரில் வரத் தயார். வந்து என்ன செய்வது?


மணலி ரோடு:

பீஸ் கட்டுற கட்சிக்கு முதல்ல சொல்லிடறேன். பிள்ளை ஆறாவதுலருந்து எந்தப் பள்ளியில படிச்சுதுன்னு கேட்காம ஒரு ரூபாகூட பீஸ் கட்டாதீங்க.

6 முதல் 12 வரைக்கும் அரசுப் பள்ளின்னா (மாநகராட்சிப் பள்ளியும் இதுல சேர்த்திதான்) 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. 2020ல மருத்துவத்துக்கு வந்துச்சு, 2021ல இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாத்துக்கும் வந்துச்சு. அதுல சீட் கிடைச்சா கல்விக் கட்டணம் அரசு கட்டுது. இதுக்கு மேல பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1,000 ரூபா. அரசு கலைக் கல்லூரியில இளங்கலைக்கு டியூஷன் பீஸே கிடையாது. பாரதி மகளிர் கல்லூரியோ வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியோ கிடைச்ச பிள்ளைக்கு நீங்க "முழு பீஸ்" கட்டறோம்னு போனா, கட்ட அங்க பெருசா ஒண்ணும் இருக்காது.

ஓட்டை எங்கன்னா உதவிபெறும் பள்ளியில. ராயபுரம், மின்ட், பெரம்பூர்னு நம்ம பக்கம் எய்டட் பள்ளி நிறைய. பிள்ளை அதே ஏழைப் பிள்ளை, ஆனா 7.5க்குள்ள வராது. எட்டாவது வரைக்கும் எய்டட்ல படிச்சுட்டு மாநகராட்சிப் பள்ளிக்கு மாறின பிள்ளைக்கும் கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்துல தனியார்ல எட்டாவது வரைக்கும் படிச்சுட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவங்களுக்குத்தான் விலக்கு. எய்டட்ல தமிழ் மீடியம்னா அந்த மாசம் 1,000 உண்டு. எய்டட்ல இங்கிலீஷ் மீடியம்னா அதுவும் இல்ல. பீஸ்னு யாருக்காவது கட்டணும்னா இந்தக் கடைசி வகைப் பிள்ளைக்குக் கட்டுங்க.

ரெண்டாவது ஓட்டை காசு இல்ல, தேதி. இன்ஜினியரிங்னா ஜூலை, ஆகஸ்ட்ல சீட் கிடைக்கும், சில நாளுக்குள்ள கட்டச் சொல்லுவாங்க. ஸ்காலர்ஷிப் அந்த வருஷம் பாதி போன பிறகுதான் வரும், சில சமயம் அடுத்த வருஷம்கூட ஆகும். நடுவுல அந்த வீட்ல கந்து வட்டிக்கு வாங்குவாங்க, இல்ல சீட்டை விட்டுடுவாங்க. அதுக்குத் தேவை சுழல் நிதி. சேர்க்கை நேரத்துல 10,000, 15,000 கொடுத்து, ஸ்காலர்ஷிப் வந்ததும் வட்டியில்லாம திருப்பி வாங்கி அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கறது. கொஞ்சம் திரும்பி வராது, அதைக் கணக்குல வெச்சுக்கிட்டே ஆரம்பிங்க. பாண்டு பேப்பர்ல கையெழுத்து, ஏடிஎம் கார்டை வாங்கி வெச்சுக்கறது, ஒரிஜினல் மார்க் ஷீட்டைப் பிடிச்சு வெச்சுக்கறது எதுவும் கூடாது. அப்படிச் செய்யற டிரஸ்ட்டுக்கு நீங்க பணமே தரக் கூடாது.

மூணாவது, எந்தத் திட்டத்துலயும் சேராத சில்லறைச் செலவு. முதல் பட்டதாரிச் சலுகை டியூஷன் பீஸுக்குத்தான், காலேஜ் பஸ்ஸுக்கு வராது. எண்ணூர்லருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் காலேஜ்னா பஸ் பீஸ்தான் பெரிய அடி. வொர்க்ஷாப் யூனிஃபார்ம், ஷூ, மினி டிராஃப்டர், ரெக்கார்டு நோட்டு, பேப்பருக்கு இவ்வளவுன்னு எக்ஸாம் பீஸ், ஹாஸ்டல்னா டெபாசிட். தனித்தனியா பார்த்தா சின்னது. எல்லாம் ஒரே மாசத்துல வந்து நிக்கும்.

இன்னொண்ணும் யாரும் சொல்ல மாட்டாங்க. பரீட்சை மார்ச்ல முடியுது, இன்ஜினியரிங் காலேஜ் ஆகஸ்ட்ல திறக்குது. நடுவுல பையன் கேட்டரிங்குக்கோ கன்டெய்னர் யார்டுக்கோ போய் தினக்கூலி பார்த்துடறான். அந்தக் காசு வீட்டுச் செலவுல கலந்த பிறகு, காலேஜுக்குப் போறதுன்னா வீட்டு வருமானம் குறையுதுன்னு அர்த்தம். அரசு தர்ற அந்த மாசம் 1,000 ரூபா உடனே கைக்கு வராது. முதல் மூணு மாசம் டிரஸ்ட் ஒரு தொகை கொடுத்தா நிறைய பேர் நிப்பாங்க.

என்னைக் கேட்டா 80,000 சுழல் நிதி, 40,000 இந்தச் சில்லறைச் செலவு, மீதி 60,000 அந்தச் சம்பள ஆளுக்கு. சம்பளத்துக்குக் கொடுக்கறது வீண்னு யாராவது சொல்லுவாங்க. எய்டட் எது, 7.5 எது, யாருக்கு எந்தத் தேதின்னு தலையில வெச்சுக்கிட்டு வீட்டு வீடா போய்க் கேட்கறது அந்த ஒரு ஆள்தான்.


சான்றிதழ் மேஜை:

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்ற கேள்விக்கு: ஜனவரி முதல் ஏப்ரல் வரை சான்றிதழ் சரிபார்க்கிற வேலையைச் செய்யுங்கள். ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் இ-சேவை மையத்தில் கூட்டம் நெரியும், தாலுகா ஆபீஸிலும் தேங்கும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றும் வேண்டும். இ-சேவையில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். விண்ணப்பிக்கும் முன் 'கேன்' எண் (இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு எண்) எடுக்க வேண்டும். அதற்கு ஓ.டி.பி. வரும். இங்கேதான் முதல் முட்டுக்கட்டை: ஆதாரில் இருக்கிற போன் நம்பர் அப்பா எப்போதோ தொலைத்த சிம்மாக இருக்கும். ஆகவே முதல் ஞாயிறு வேறெதுவும் வேண்டாம், ஒவ்வொரு வீட்டு ஆதாரிலும் எந்த நம்பர், அது உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாற்ற வேண்டியவர்களை ஆதார் மையத்துக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது, பெயர். பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயரை முழுதாகப் போட்டு ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லாமல் ஒன்று. மற்ற இரண்டையும் பத்தாவது மார்க் ஷீட்டுக்கு ஏற்றபடி திருத்துங்கள். எதிர்ப்பக்கமாக, ஆதாருக்காக மார்க் ஷீட்டை மாற்றக் கிளம்பினால் அந்த வருஷம் முடியாது.

மூன்றாவது, முகவரி. ரேஷன் கார்டு புளியந்தோப்பில், குடியிருப்பு இப்போது பெரும்பாக்கத்தில் என்று மறுகுடியமர்வு ஆன குடும்பங்கள் உண்டு. வாடகை வீடு மாறி மாறிப் போகிறவர்கள் அதைவிட அதிகம். இந்த வித்தியாசத்தைக் காட்டியே வி.ஏ.ஓ. மனுவைத் திருப்புவார். எந்த முகவரியை வைத்துக்கொள்வது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்து, அதன்படி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டு மனுப் போடுங்கள்.

முதல் பட்டதாரிச் சான்றில் ஒரு கண்டிப்பு: வீட்டில் ஒருவர் டிகிரி முடித்திருந்தால் கிடையாது. அக்கா பி.காம். என்றால் தம்பிக்கு இல்லை. அண்ணன் இதே சலுகையில் இப்போது படித்துக்கொண்டிருந்தாலும் இல்லை. மறைத்து வாங்கினால் பின்னால் பிள்ளைக்குத்தான் வினை. அதுவும் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் செல்லும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் செல்லாது. "கவுன்சிலிங்லாம் எதுக்கு, இப்பவே அட்வான்ஸ் போடுங்க" என்று மே மாதம் தெருவுக்குள் வருகிற ஏஜென்ட்டிடம் பெற்றோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதுகிற பிள்ளை இருந்தால், நம் தாலுகா ஆபீஸ் கொடுக்கிற பி.சி., எம்.பி.சி. சான்று மத்திய நிறுவனங்களில் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதோர் சான்று தனியாக வாங்க வேண்டும். அந்த நிதியாண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ கொடுத்ததாக இருக்க வேண்டும்.

அடுத்து வங்கி. ஆதார் எண்ணைக் கணக்கில் பதிவது ஒன்று, அரசு பணம் ஆதார் வழியாக எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று என்.பி.சி.ஐ.யில் (வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய அமைப்பு) இணைப்பது வேறொன்று. முதலாவதைச் செய்துவிட்டு "லிங்க் பண்ணியாச்சு" என்று வந்துவிடுவார்கள். மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்று இருக்கும், அங்கே பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும். பள்ளியில் திறந்த கணக்கு இரண்டு வருஷம் தொடாமல் செயலிழந்திருக்கும். அல்லது கடைசியாகப் போஸ்ட் ஆபீஸ் பேமென்ட் பேங்கில் ஒரு கணக்கு திறந்திருப்பார்கள், பணம் சத்தமில்லாமல் அங்கே போய்க்கொண்டிருக்கும்.

பள்ளியை விட்டு வரும்போதே எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் எண்) குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பதிவு கல்லூரி வழியாக யூமிஸ் என்ற கல்லூரி மாணவர் விவரத் தளத்தில் நடக்கும், அங்கே அது தேவை.

விண்ணப்பக் கட்டணம் பெரிய விஷயமில்லை. அரசு கலைக் கல்லூரிக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 2 ரூபாய் மட்டும். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு 500, எஸ்.சி., எஸ்.டி.க்கு 250. அதில் கட் ஆஃப் 200க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. எல்லாப் பிள்ளைகளையும் இரண்டிலும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இன்ஜினியரிங் கிடைக்கும் என்று நம்பி கலைக் கல்லூரிக்குப் போடாமல் விட்டு, கடைசியில் இரண்டும் இல்லாமல் நிற்பது வருஷா வருஷம் நடப்பது.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்ற விருப்பப் பட்டியல் நிரப்பும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். கல்லூரிப் பெயரை வைத்துத் தேட வேண்டாம், கோடு எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் நாலைந்து கல்லூரி இருக்கிறது. பத்துப் பதினைந்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறையப் போட்டால் நஷ்டமே கிடையாது, குறைவாகப் போட்டால் அந்தச் சுற்றில் ஒன்றுமே வராமல் போகலாம். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்ய இரண்டு நாள்தான். பிள்ளை வேலைக்குப் போன இடத்தில் போனில் நெட் இல்லை என்றால் சீட் போய்விடும். அந்த இரண்டு நாளும் ஒவ்வொருவருக்கும் போன் போட ஒரு ஆள் வேண்டும். உறுதிசெய்ததோடு வேலை முடியவில்லை. சொன்ன தேதிக்குள் கல்லூரிக்குப் போய்ப் பணம் கட்டிச் சேராவிட்டால் ரத்து. மேலே மணலி ரோடு சொன்ன சுழல் நிதி அந்த நாள் மாலைக்குள் கையில் இருக்க வேண்டும். "டிரஸ்டி ஊரில் இல்லை, செக் திங்கட்கிழமை" என்றால் உதவியே இல்லை.


ரசீதுப் புத்தகம்:

காகிதம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டிரஸ்ட் பத்திரத்தின் நகல், பான், வருமான வரித் துறையின் 12ஏபி பதிவு (டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி பதிவு (நன்கொடை தருகிறவருக்கு வரிச் சலுகை). பிந்தைய இரண்டிலும் காலாவதி தேதியைப் பாருங்கள், பழைய ஆணையை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பதால் நடப்பில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கடைசி மூன்று வருஷத்து ஆடிட் செய்த கணக்கு. அதில் மொத்தத் தொகையைவிட இரண்டு விஷயங்களை முக்கியமாகப் பாருங்கள்: டிரஸ்டிகளுக்குக் கொடுத்த அட்வான்ஸ் வருஷக் கடைசியில் தீராமல் நிற்கிறதா, கல்வி உதவி என்ற தலைப்பில் போன பணம் கல்லூரிக்கும் மாணவர் கணக்குக்கும் வங்கி வழியாகப் போயிருக்கிறதா, ரொக்கமா. சின்ன டிரஸ்ட்டில் நிர்வாகச் செலவு சதவீதம் கூடத் தெரிவதில் தப்பில்லை. ஒரே ஆளுக்குச் சம்பளம், ஒரு வாடகை, அவ்வளவுதான் மொத்த அமைப்பே.

நீங்கள் ஒருவர் கணக்கில் வசூலித்து மொத்தமாக அனுப்பினால் ரசீதும் 80ஜி சலுகையும் அந்த ஒருவர் பெயரில்தான் வரும். பதினைந்து பேரும் அவரவர் கணக்கிலிருந்து நேராக அனுப்புங்கள், பான் எண்ணைக் கொடுங்கள். ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் சலுகை கிடையாது. நிதியாண்டு முடிந்து மே 31க்குள் டிரஸ்ட் உங்களுக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்று தர வேண்டும். வெறும் ரசீது போதாது. வரிக் கழிவு கொடுத்த தொகையில் பாதிக்குத்தான், அதற்கும் மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்ற வரம்பு உண்டு. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. ஒரு பிள்ளையின் பீஸை நீங்களே நேராகக் கல்லூரியில் கட்டினாலும் இல்லை.

பணத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள்: இவ்வளவு சுழல் நிதிக்கு, இவ்வளவு சம்பளத்துக்கு என்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கக் கணக்கு போதும். மாதா மாதம் அறிக்கை கேட்டால் அந்த ஒரே ஆள் உங்களுக்காக எக்ஸெல் போட்டுக்கொண்டிருப்பார்.


கணக்கு டீச்சர்:

எல்லாரும் சேர்க்கையோடு நிறுத்திவிட்டீர்கள். சேர்ந்த பிள்ளை முதல் வருஷத்திலேயே நின்றுவிடுவது பற்றி யாரும் பேசவில்லை. டிரஸ்ட்டிடம் "எத்தனை பேரைச் சேர்த்தீர்கள்" என்று கேட்காதீர்கள். "மூன்று வருஷத்துக்கு முன் சேர்த்தவர்களில் இப்போது எத்தனை பேர் வகுப்பில் இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு அரியர்" என்று கேளுங்கள். பெயர்வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் நல்ல டிரஸ்ட். மேடையில் செக் கொடுக்கிற போட்டோ மட்டும் இருந்தால் யோசியுங்கள். பிள்ளையை ஸ்பான்சருக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிற பழக்கத்தையும் நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மணலி ரோடு போட்ட பங்கீட்டில் ஒரு மாற்றம் சொல்வேன். சில்லறைச் செலவில் பத்தாயிரத்தைக் குறைத்து முதல் செமஸ்டர் கணக்கு வகுப்புக்கு வையுங்கள். தமிழ் மீடியத்தில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை, ஆங்கிலத்தில் கேள்வியே புரியாமல் கணக்கில் அரியர் வைக்கிறது. அணி, வகையிடல், தொகையிடல் எல்லாம் பிளஸ் டூவில் படித்ததன் தொடர்ச்சிதான். பாடம் தெரியும், சொல் தெரியாது. பிளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒரே கணக்கை இரண்டிலும் போட வைத்தால் எட்டுப் பத்து ஞாயிறில் பழகிவிடும். கல்லூரி திறப்பதற்கு முன், ஜூன் ஜூலையிலேயே ஆரம்பிக்க வேண்டும். பையன் கேட்டரிங்குக்குப் போகாமல் தொடர்பில் இருக்கவும் இது ஒரு வழி. உங்களில் இன்ஜினியரிங் படித்த இரண்டு பேர் இருந்தால் போதும், வெளியில் ஆள் வேண்டாம்.

வருகைப் பதிவு 75 சதவீதம். இரவு மார்க்கெட்டிலோ டெலிவரியிலோ வேலை செய்கிற பையன் காலை முதல் வகுப்பைத்தான் விடுவான். செப்டம்பர் கடைசியிலேயே கேளுங்கள். நவம்பரில் கேட்டால் சரிசெய்ய நாளே இருக்காது.

இன்னொரு கூட்டமும் உண்டு, பிளஸ் டூவில் ஒன்றிரண்டு பாடத்தில் ஃபெயில் ஆனவர்கள். ரிசல்ட் அன்று எல்லாரும் பாஸானவர்களுக்குத்தான் போன் போடுகிறார்கள். துணைத் தேர்வு ஜூன், ஜூலையில் வந்துவிடும், விண்ணப்பிக்கிற நாட்கள் மிகக் குறைவு. அன்று மாலையே முதலில் ஃபெயிலானவர் வீட்டுக்குப் போங்கள். துணைத் தேர்வில் பாஸானால் அதே வருஷம் இன்ஜினியரிங்குக்குத் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. மார்க் குறைவு என்றால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு, அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு என்று ஒரு சுற்று வழியும் உண்டு. எங்கேயும் சேராமல் விட்டவர்களுக்காக நான் முதல்வன் திட்டத்தில் 'உயர்வுக்குப் படி' முகாம் நடக்கும், அங்கேயே சேர்த்துவிடுவார்கள்.

லேப்டாப் கட்சிக்கு: 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அறிவித்திருக்கிறார்கள், அந்தக் கல்லூரிக்கு எப்போது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒற்றை அறை வீட்டில் டிவி ஓடும்போது லேப்டாப்பை வைத்து என்ன செய்வது? படிக்க இடம்தான் தட்டுப்பாடு. கொளத்தூரில் உட்கார்ந்து படிக்க இடம் தருகிற முதல்வர் படைப்பகம் இருக்கிறது, எல்லாருக்கும் கிட்டே இல்லை. உங்களில் யார் வீட்டு மாடியாவது, ஒரு டியூப் லைட்டும் ஃபேனும் போட்டு மாலை ஆறு முதல் பத்துவரை திறந்துவிட்டால் அது ஒரு லேப்டாப்பைவிடப் பெரிய உதவி.

பள்ளிக்குள் போய்ப் பேசுவதானால் தலைமை ஆசிரியர் தெரிந்தவர் என்று நேராக நுழைந்துவிடாதீர்கள். மாநகராட்சிப் பள்ளி என்றால் ரிப்பன் மாளிகையில் கல்வித் துறையின் எழுத்து அனுமதி வேண்டும். ஊக்க உரை எல்லாம் அவர்கள் நிறையக் கேட்டாயிற்று.


வண்ணை வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பீஸ் கட்சி வாபஸ். மாடி ஒன்று இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன். சம்பளத்துக்கு 60,000 என்றால் அது மாதம் 5,000தான் ஆகிறது, போதுமா?

இன்னொரு சந்தேகம். எங்களில் ஒருவர் அடுத்த மாதம் துபாய்க்கு வேலைக்குப் போகிறார், அங்கிருந்து அனுப்புவார். இன்னொருவரின் சித்தப்பா கனடா குடியுரிமை வாங்கியவர், அவரும் சேர்கிறேன் என்கிறார். சிக்கல் வருமா?


மணலி ரோடு:

மொத்தச் சம்பளத்தையும் நீங்க சுமக்க வேணாம் அண்ணா. வருஷம் பூரா மாசா மாசம் தவறாம 5,000 வரும்னு தெரிஞ்சாலே அவங்க மீதியை வேற இடத்துல தேடிக்குவாங்க. ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் மட்டும் இன்னொரு ஆளைப் பகுதி நேரமா வெச்சுக்கலாமான்னு கேளுங்க. அந்த டிரஸ்ட்டுல படிச்சு முடிச்ச பிள்ளையே கிடைக்கும்.


ரசீதுப் புத்தகம்:

துபாய்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கிறவரை, தன் சொந்தச் சேமிப்பை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை டிரஸ்ட் ஃபைலில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சித்தப்பா விஷயம் வேறு. குடியுரிமை மாறிவிட்டால், ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. டிரஸ்ட்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்க வேண்டும். இருந்தாலும் டெல்லி பாராளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் பேங்க் மெயின் கிளையில் அதற்கென்றே திறந்த கணக்கில்தான் வாங்க முடியும். நீங்கள் சொல்கிற அளவு டிரஸ்ட்டுக்கு அந்தப் பதிவு அநேகமாக இருக்காது. சித்தப்பா ஊருக்கு வரும்போது ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் சட்டப்படி அதேதான். உங்கள் கணக்கில் வாங்கி உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற யோசனையும் வேண்டாம், மாட்டுவது டிரஸ்ட். அவருக்கு ஆர்வமிருந்தால் கணக்கு டீச்சர் சொன்ன ஞாயிறு வகுப்பை அங்கிருந்தே வீடியோவில் எடுக்கச் சொல்லுங்கள்.